பெரும்போகம் எந்த ஆண்டுக்குரியது? புள்ளிவிபரச் செய்நிரலில் லூப்புகளின் வழு காணல்



அறக்கட்டளைச் சொற்பொழிவு மேடைகளில் இலக்கியமும் சமயமும் வரலாறும் பேசப்படுவதே வழக்கம். செய்நிரலைப் பற்றி, அதிலும் லூப்பில் ஒளிந்திருக்கும் வழுவைப் பற்றிப் பேச இடம் தந்த உங்கள் பெருமனத்துக்கு நன்றி. இந்தத் தலைப்பை நான் எடுத்ததற்குக் காரணம் உண்டு. நம் மாத்தளை மாவட்டத்தின் மழை, நெல் விளைச்சல், மரக்கறி விலை எல்லாம் இன்று எண்களாகக் கணினிக்குள் போய், யாரோ எழுதிய ஒரு லூப்பைக் கடந்து, அட்டவணையாக வெளியே வருகின்றன. அந்த அட்டவணையை வைத்துத்தான் நிவாரணமும் நீர்ப்பங்கீடும் விதை விநியோகமும் தீர்மானிக்கப்படுகின்றன. லூப்பில் ஒரு வரி பிசகினால் தீர்மானமும் பிசகும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும் லூப்பால் பெரிய கேடு இல்லை. தவறான விடையைக் கொடுத்துவிட்டு ஒழுங்காக ஓடி முடிந்துவிடும் லூப்தான் கேடு. அதைப் பிடிக்கக் கணினி அறிவு மட்டும் போதாது. தரவு எந்த மண்ணிலிருந்து வந்ததோ அந்த மண்ணையும் அறிந்திருக்க வேண்டும்.

நிற்கும் வழுவும் நிற்காத வழுவும்

மாத்தளை மாவட்டத்தில் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் நெல் விளைச்சலையும் கூட்ட வேண்டுமானால் ஒரே கட்டளையைப் பதினொரு முறை எழுத வேண்டியதில்லை. ஒருமுறை எழுதி, பிரிவின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு பதினொரு முறை நடத்தச் சொல்கிறோம். அதுவே லூப். எங்கே தொடங்குவது, எதை மாற்றுவது, எப்போது நிறுத்துவது ஆகிய மூன்றையும் நாம்தான் சொல்ல வேண்டும். இந்த மூன்றில் ஒன்றிலேயே பெரும்பாலான வழுக்கள் பிறக்கின்றன.

நிறுத்தத்தில் பிறந்த வழுவுக்குப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. 2008 டிசம்பர் 31ஆம் திகதி, மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ஸூன் என்ற இசை கேட்கும் கருவிகளில் 30 கிகாபைட் வகையைச் சேர்ந்தவை உலகெங்கும் உறைந்து நின்றன. நாட்களின் எண்ணிக்கையை ஆண்டாக மாற்றும் ஒரு லூப் அதற்குள் இருந்தது. நாள் எண் 365ஐ விடப் பெரிதாக இருக்கும்வரை லூப் ஓடும். லீப் ஆண்டாக இருந்தால், எண் 366ஐ விடப் பெரிதா என்று பார்த்து, பெரிதென்றால் 366ஐக் கழிக்கும். அன்று லீப் ஆண்டின் 366ஆம் நாள். 366 என்பது 365ஐ விடப் பெரிது. ஆகவே லூப் நிற்கவில்லை. 366 என்பது 366ஐ விடப் பெரிதல்ல. ஆகவே எதுவும் கழியவில்லை. எண் மாறாமல் லூப் சுற்றிக்கொண்டே இருந்தது. மின்கலம் வற்றும்வரை விட்டு, மறுநாள் மீண்டும் இயக்கும்படி நிறுவனம் அறிவித்தது. கருவி நின்றுபோனதால்தான் அன்றே எல்லோருக்கும் தெரிந்தது.

நிற்காத வழுவுக்கும் உதாரணம் உண்டு. 2010இல் கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகொஃப் என்ற இரு பொருளியலாளர்கள், அரசுக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி மறை 0.1 சதவீதம் என்று எழுதினார்கள். அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டவர்கள் பல நாடுகளில் அதை எடுத்துக்காட்டினார்கள். 2013இல் மசாசுசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மாணவர் தோமஸ் ஹேர்ண்டன், தம் பேராசிரியர்களான மைக்கல் ஆஷ், ரொபர்ட் பொலின் ஆகியோருடன் அந்தக் கணக்கைத் திரும்பச் செய்து பார்த்தார். அவர்களுக்குக் கிடைத்தது 2.2 சதவீதம். வேறுபாட்டுக்கு முக்கிய காரணங்கள் சில ஆண்டுகளின் தரவு சேர்க்கப்படாததும் நாடுகளுக்கு எடை கொடுத்த முறையும். அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: விரிதாளில் சராசரி எடுத்த வரம்பு ஐந்து வரிசைகள் முன்பே முடிந்திருந்தது. அவுஸ்திரேலியா, ஒஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகளும் கணக்கில் வரவே இல்லை. எந்தப் பிழைச்செய்தியும் எழவில்லை. மூன்று ஆண்டுகள் அந்த எண் உலகை வலம் வந்தது.

ஆர் மொழி நமக்கு ஏன்

இன்று புள்ளிவிபர வேலைக்கு உலகெங்கும் பயன்படும் முதன்மையான மொழிகளில் ஆர் ஒன்று. 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜோன் சேம்பர்ஸும் அவரது சகாக்களும் தொடங்கிய எஸ் மொழி அதன் முன்னோடி. 1990களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாக்காவும் ரொபர்ட் ஜென்ரில்மனும் ஆர் மொழியை உருவாக்கினார்கள். 1995இல் அது கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது, 1.0.0 பதிப்பு 2000 பெப்ரவரி 29ஆம் திகதி வந்தது. உரிமக் கட்டணம் கிடையாது. ரத்தோட்டையில் உள்ள ஒரு தோட்டப் பாடசாலையின் பழைய கணினியிலும் அதை நிறுவலாம். பல்கலைக்கழகப் பேராசிரியர் பயன்படுத்தும் அதே கருவி, அதே முழுமையோடு அங்கும் இயங்கும்.

ஆர் மொழியில் லூப்பே வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே வரியில் முழு நிரலுக்கும் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். பல இடங்களில் அது நல்ல அறிவுரை. ஆனால் இன்றைய விடை நேற்றைய விடையைச் சார்ந்திருக்கும் கணக்குகளில் லூப் எழுதுவதே இயல்பான வழி. மழைக் கணக்குகள் சில அப்படிப்பட்டவை. மழையையே நாம் எடுத்துக்கொள்வோம்.

இரு ஆண்டுகளில் கால் வைத்த போகம்

உலர் வலயத் தம்புள்ளையிலிருந்து நக்கிள்ஸ் மலைச்சரிவுகள் வரை நம் மாவட்டத்தின் மழை ஊருக்கு ஊர் மாறும். 1991 தொடக்கம் 2020 வரை முப்பது ஆண்டுகளுக்கான நாளாந்த மழைத் தரவு ஒரு மாணவரிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்போக நெற்செய்கைக்குக் கிடைத்த மழை குறைந்து வருகிறதா என்பது அவர் கேள்வி. முதல் ஆண்டிலிருந்து கடைசி ஆண்டு வரை ஒவ்வொன்றாக எடுத்து, அதில் ஒக்டோபர் முதல் மார்ச் வரையான மழையைக் கூட்டு என்று லூப் எழுதுகிறார். லூப் அழகாக ஓடி முடிகிறது. முப்பது எண்கள் வருகின்றன. பார்த்தால் குறை தெரியாது.

தம்புள்ளையிலோ கலேவெலவிலோ வயல் செய்யும் எவரிடமும் அந்தச் செய்நிரலை விளக்கிச் சொல்லிப் பாருங்கள், உடனே தவறைச் சொல்லிவிடுவார். பெரும்போகம் ஒக்டோபரில் தொடங்கி அடுத்த ஆண்டில் முடிகிறது. 2015ஆம் ஆண்டு என்று எடுத்தால் அதில் ஜனவரி முதல் மார்ச் வரை 2014/2015 போகம். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை 2015/2016 போகம். இரண்டு போகங்களின் பாதிகளை ஒட்டி, இல்லாத ஒரு போகத்தை அந்த லூப் உருவாக்கியிருக்கிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான வடகீழ்ப் பருவ மழைக்கும் இதே கதிதான்.

தவறை அறிந்த மாணவர் திருத்துகிறார். ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களை அடுத்த ஆண்டின் கணக்கில் சேர்க்கிறார். இப்போது 1991 முதல் 2021 வரை முப்பத்தொரு போகங்கள் கிடைக்கின்றன. வரைபடம் கீறினால் கடைசியில் மழை சரிந்து விழுவதுபோல் தோன்றும். அது வரட்சி அல்ல. 2020/2021 போகத்துக்கு நம்மிடம் மூன்று மாதத் தரவுதான் இருக்கிறது. முதலாவதான 1990/1991க்கும் அப்படியே. முப்பது நாட்காட்டி ஆண்டுகளுக்குள் முழுமையான பெரும்போகங்கள் இருபத்தொன்பதுதான். இந்த ஒன்று குறைவதைக் கவனிக்காதவர், மாவட்டத்தில் இல்லாத ஒரு வரட்சியை அறிக்கையில் எழுதிவிடுவார்.

லூப்பின் இரு நுனிகளும் எப்போதும் இப்படித்தான். நடுவில் எல்லாம் சரியாக இருக்கும். தொடக்கத்திலும் முடிவிலும்தான் வழு காத்திருக்கும்.

வறண்ட நாட்களை எண்ணுதல்

அடுத்த கணக்கு, தொடர்ச்சியாக மழையில்லாத நாட்கள். நாள் மழை 1 மில்லிமீற்றருக்குக் குறைவென்றால் எண்ணியில் ஒன்றைக் கூட்டு, இல்லையென்றால் எண்ணியைச் சுழியாக்கு. இதற்கு லூப் மிகப் பொருத்தம். ஒரு மழைமானி நிலையத்துக்கு எழுதிச் சரிபார்த்த பின், அதை இன்னொரு லூப்புக்குள் வைத்து எல்லா நிலையங்களுக்கும் ஓட்டுகிறோம். வெளி லூப் நிலையங்களுக்கு, உள் லூப் நாட்களுக்கு.

எண்ணியைச் சுழியில் தொடங்கும் வரியை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு லூப்புகளுக்கும் வெளியே வைத்துவிட்டால், தம்புள்ளையின் கடைசி வறண்ட நாட்களின் எண்ணிக்கை ரத்தோட்டையின் முதல் நாளுக்குள் வந்துவிடும். ஒரு பயணத்தில் ஏறியவர்களின் எண்ணிக்கையை அழிக்காமலே பேருந்து நடத்துநர் அடுத்த பயணத்தைத் தொடங்கியதற்கு ஒப்பு. மழை செழித்த மலைச்சரிவில் நீண்ட வரட்சி ஒன்று பதிவாகும். ஊரை அறிந்தவர் நம்பமாட்டார். அறியாதவர் அதைக் காலநிலை மாற்றத்தின் சான்றாக எடுத்துக்கொள்வார்.

இன்னொன்று, மழைமானி பார்க்கப்படாத நாள். அந்தக் கட்டம் தரவில் வெறுமையாக இருக்கும். ஆர் மொழி அதை அறியாத மதிப்பு என்று குறித்துக்கொள்ளும். அறியாத மதிப்பு 1ஐ விடச் சிறிதா என்று கேட்டால் விடையும் அறியாததே. லூப் அந்த இடத்திலேயே பிழைச்செய்தியோடு நின்றுவிடும். இது நல்ல நிறுத்தம். மொழி நம்மிடம் ஒரு நேர்மையான கேள்வி கேட்கிறது: இந்த நாளை என்ன செய்வது?

அவசரத்தில் பலர் செய்வது, வெறுமையான கட்டங்களை எல்லாம் சுழியாக்கிவிடுவது. பிழைச்செய்தி மறையும், லூப் ஓடும். ஆனால் பார்க்கப்படாத நாள் மழையில்லாத நாளாகிவிட்டது. போதாக்குறைக்கு, இரண்டு நாள் மழையைச் சேர்த்து மறுநாள் அளந்திருந்தால் அந்த எண்ணும் பெரிதாக நிற்கும். சத்தமிட்ட வழுவைச் சத்தமில்லாத வழுவாக மாற்றியதற்கு நாம் வழு நீக்கினோம் என்று பெயர் வைக்கிறோம். மாணவர்களே, இதை மட்டுமாவது மறவாதீர்கள். பிழைச்செய்தி மறைந்தது என்பதும் வழு நீங்கியது என்பதும் வேறு வேறு. அறியாத நாள் வந்தால் அந்தத் தொடரையே அறியாதது என்று குறிக்கலாம். அல்லது அங்கே தொடரை முறித்துவிடலாம். எதைச் செய்தோம் என்பதை அறிக்கையில் ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டும்.

ஓர் எழுத்தில் தொலைந்த ஊர்

தமிழில் தரவு வைத்திருப்போர் அறிய வேண்டிய வழு ஒன்று இருக்கிறது. பிரிவின் பெயர் ‘ரத்தோட்டை’ என்றிருக்கும் வரிசைகளை மட்டும் எடு என்று லூப்பில் எழுதுகிறோம். கோப்பில் ரத்தோட்டை கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ஒரு வரிசையும் கிடைப்பதில்லை.

காரணம் ‘தோ’ என்ற எழுத்து. யுனிகோட்டில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினி ஒப்பிடும்போது இரண்டும் வேறு. நம் நாட்டில் பாமினி எழுத்துருவில் தட்டச்சான கோப்புகள் ஏராளம். பாமினியில் கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டுகிறோம். யுனிகோட்டுக்கு மாற்றும் கருவி கவனமில்லாமல் எழுதப்பட்டிருந்தால் இரண்டும் சேராமலே வந்துவிடும். பல்லேபொல, அம்பன்கங்கை கோரளை என்ற பெயர்களுக்கும் இதே இடர் உண்டு. கண்டுபிடிக்க எளிய வழி, பெயரின் நீளத்தைக் கேட்பது. ஒழுங்கான ‘ரத்தோட்டை’க்கு ஆர் மொழி 9 என்று சொல்லும், பிரிந்த வடிவத்துக்கு 10 என்று சொல்லும். நீக்க வழி, லூப் தொடங்குமுன் எல்லாப் பெயர்களையும் யுனிகோட்டின் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிக்கொள்வது. 2022 ஏப்ரலில் வந்த 4.2.0 பதிப்பிலிருந்து விண்டோஸ் கணினிகளிலும் ஆர் மொழி யுனிகோட்டை இயல்பாகக் கையாள்கிறது; தமிழ்ப் பெயர்களைப் பயமின்றி வைத்துக்கொள்ளலாம்.

இதன் அடுத்த கட்டம் இன்னும் நுட்பமானது. ஒரு வரிசையும் கிடைக்காததால் வரிசைகளின் எண்ணிக்கை சுழி. உள் லூப்பை ‘1 முதல் எண்ணிக்கை வரை’ என்று எழுதியிருப்போம். எண்ணிக்கை சுழியாகும்போது 1:0 என்றாகிறது. லூப் ஒருமுறையும் ஓடாது என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். ஆர் மொழியோ 1இலிருந்து 0 வரை இறங்கி எண்ணும். லூப் இருமுறை ஓடும். முதல் முறை, இல்லாத முதல் வரிசையைக் கேட்டு அறியாத மதிப்பைப் பெறும். இரண்டாம் முறை சுழியாவது வரிசையைக் கேட்கும். ஆர் மொழி அதற்குப் பிழை சொல்லாமல் வெறுமையைத் தரும். ஓர் எழுத்தின் வடிவத்தில் தொடங்கிய வழு, மூன்று படி தாண்டி, ரத்தோட்டையின் சராசரி அறியப்படவில்லை என்ற அட்டவணைக் கட்டமாக முடிகிறது. இதற்காகவே ஆர் மொழியில் ‘சீக்_அலாங்’ என்ற சார்பு இருக்கிறது. பட்டியல் வெறுமையென்றால் அது ஒரு எண்ணையும் தராது, லூப்பும் ஓடாது. அதையே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

விலைத் தரவிலும் இதுபோன்ற ஒன்று உண்டு. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தின் மொத்த விலைகளை மத்திய வங்கி தன் நாளாந்த விலை அறிக்கையில் வெளியிடுகிறது. அப்படியான நிரல் ஒன்றில் விலையில்லாத நாளுக்கு ஒரு கோடு போட்டிருந்தால் போதும், முழு நிரலையும் ஆர் மொழி சொற்களாகவே வாசிக்கும். 2020இல் வந்த 4.0.0 பதிப்புக்கு முன் அந்தச் சொற்கள் வகைப் பெயர்களாக மாற்றப்பட்டன. அவற்றை எண்ணாக்கச் சொன்னால் விலை வராது; எத்தனையாவது வகை என்ற வரிசை எண் வரும். பெரிய வெங்காயத்தின் விலையைக் கூட்டுவதாக நினைத்துக்கொண்டு லூப் வரிசை எண்களைக் கூட்டும். புதிய பதிப்புகளில் அறியாத மதிப்பும் எச்சரிக்கையும் வருகின்றன. பழைய செய்நிரலை எங்கிருந்தாவது எடுத்து ஓட்டுவோர் பதிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

தேடும் முறை

வழு இருக்கிறது என்று தெரிந்த பின் எப்படித் தேடுவது? முதலில் தரவைச் சிறிதாக்க வேண்டும். முப்பது ஆண்டுகளை விட்டு, இரண்டு நிலையங்களுக்குப் பத்து நாள் தரவை எடுத்து, விடையைக் கையால் கணக்கிட்டுத் தாளில் எழுதுங்கள். லூப் அதே விடையைத் தர வேண்டும். அந்தப் பத்து நாளில் ஒரு வெறுமையான நாளும், ஓர் ஆண்டு மாற்றமும் கட்டாயம் இருக்கட்டும்.

அடுத்து, லூப்புக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். லூப்புக்குள் மாறியின் பெயரை மட்டும் எழுதினால் ஆர் மொழி எதையும் காட்டாது. அச்சிடும் சார்பை வெளிப்படையாக அழைக்க வேண்டும். சுற்று எண், நிலையம், திகதி, எண்ணி ஆகிய நான்கையும் ஒரே வரியில் அச்சிட்டால் பாதி வழுக்கள் அப்போதே தெரிந்துவிடும். திகதிகளின் மேல் நேராக லூப் ஓட்டினால் திகதி வடிவம் கழன்று, 2020 ஜனவரி 1 என்பது 18262 என்று தெரியும். 1970 ஜனவரி 1இலிருந்து எண்ணிய நாட்கள் அவை. பயப்பட வேண்டாம், திகதியின் இடத்து எண்ணின் மேல் லூப்பை ஓட்டினால் சரியாகும்.

லூப் பாதியில் நின்றால் சுற்று எண்ணைக் கேளுங்கள். சார்புக்கு வெளியே எழுதிய லூப்பென்றால், நின்ற இடத்தின் எண் அப்படியே மாறியில் தங்கியிருக்கும். பல்லாயிரம் வரிசைகளில் எது முரண்டு பிடித்தது என்று அது நேராகச் சொல்லும். சார்புக்கு உள்ளே நின்றால், ‘பிரவுசர்’ என்ற கட்டளையைச் சந்தேகமுள்ள சுற்றில் மட்டும் இயங்கும்படி வைத்து, உள்ளே நுழைந்து ஒவ்வொரு மதிப்பையும் கேட்டறியலாம். எச்சரிக்கைகளைப் பிழைகளாக மாற்றும் அமைப்பும் உண்டு. தேடும் நேரத்தில் அதை இயக்கினால் எச்சரிக்கை எழும் இடத்திலேயே லூப் நிற்கும்.

இவற்றைவிட உறுதியான காவல், நமக்குத் தெரிந்த உண்மைகளைச் செய்நிரலுக்குள்ளேயே எழுதிவைப்பது. ஓர் ஆண்டின் நாட்கள் 365 அல்லது 366. பிரிவுகள் பதினொன்று. நாள் மழை சுழியை விடக் குறையாது. பெரும்போகத்துக்கு ஆறு மாதங்கள். இவற்றில் ஒன்று பொய்த்தாலும் நிறுத்து என்று ‘ஸ்டொப்இஃப்நொட்’ சார்பால் கட்டளையிடலாம். அப்படி எழுதிய ஒவ்வொரு வரியும் சத்தமில்லாத வழுவைச் சத்தமிட வைக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற ஆரம்பகாலக் கணினியைக் கட்டிய மோரிஸ் வில்க்ஸ், தம் எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதி தம் செய்நிரல்களில் பிழை தேடுவதிலேயே கழியும் என்பதை 1949இல் உணர்ந்ததாகப் பின்னர் எழுதினார். அன்றிலிருந்து இன்றுவரை எந்த மொழியும் அந்த வேலையை ஒழிக்கவில்லை. இப்போது செய்நிரலை எழுதித் தரும் இயந்திரங்களும் வந்துவிட்டன. கேட்ட நொடியில் லூப் எழுதித் தரும். ஆனால் பெரும்போகம் ஆண்டைக் கடக்கிறது என்பதையோ, இந்தக் கோப்பில் வெறுமையான கட்டம் எதைக் குறிக்கிறது என்பதையோ நாம் சொல்லாவிட்டால் அவை தாமாக அறிந்து எழுதும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே ஊரறிந்தவரின் பொறுப்பு முன்னைவிடக் கூடியிருக்கிறதே ஒழியக் குறையவில்லை.

மலையகத்துத் தோட்டங்கள் பலவற்றில் மழை அளந்து எழுதும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. அந்தப் பதிவுகளை, தோட்டத்தின் அனுமதியோடு, உயர்தர மாணவர்கள் தட்டச்சுச் செய்யலாம். ஒரே கேள்விக்கு இரண்டு மாணவர்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமல் லூப் எழுதட்டும். விடைகள் ஒத்தால் நம்பிக்கை கூடும். ஒவ்வாவிட்டால் அங்கேதான் பாடம் தொடங்கும். ஒருவர் லூப் எழுத, மற்றவர் மாதம், போகம் என்று தொகுத்துக் கூட்டும் ஆயத்தச் சார்புகளைப் பயன்படுத்தினால் இன்னும் நல்லது. ஒரே வழு இருவரையும் ஏமாற்றும் வாய்ப்புக் குறையும். வயல் செய்யும் பெற்றோரையும் தோட்டத்தில் வேலை செய்யும் பெற்றோரையும் அந்த வகுப்புக்கு ஒருநாள் அழையுங்கள். வரைபடத்தைக் காட்டி, இது உங்களுக்குத் தெரிந்த மழைதானா என்று கேளுங்கள். அவர்கள் இல்லை என்று தலையசைக்கும் ஆண்டிலிருந்து வழுவைத் தேடத் தொடங்குங்கள்.

நம்மைப் பற்றிய எண்கள் பெரும்பாலும் வேறெங்கோ கணக்கிடப்பட்டு நம்மிடம் திரும்பி வருகின்றன. அவற்றைச் சரிபார்க்கும் திறமை இந்த மாவட்டத்திலேயே, தமிழிலும் சிங்களத்திலும் பேசும் பிள்ளைகளிடம் வளர வேண்டும். அதற்கான கருவி இலவசமாகக் கிடைக்கிறது. அந்தக் கருவிக்குச் சொல்ல வேண்டிய உண்மைகள் உங்கள் வீடுகளிலேயே இருக்கின்றன. வழு காண்பதை உங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள் என்று இந்த அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.